இரண்டாவது மாத்திரையின் கெடு

பக்கவாதத்துக்கு மாத்திரை எழுதும் முன் தீர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மூளைக்குள் ரத்தக் குழாய் அடைத்ததா, வெடித்ததா? அடைத்திருந்தால் ஆஸ்பிரின் மருந்து. வெடித்திருந்தால் அதே ஆஸ்பிரின் கசிவைப் பெருக்கும். வாந்தி, மண்டை பிளக்கும் தலைவலி, எகிறிய ரத்த அழுத்தம், மங்கிக்கொண்டே போகும் நினைவு ஆகியவை கசிவைச் சந்தேகிக்க வைக்கும், உறுதி சொல்லமாட்டா. கையும் காலும் விழுந்த விதத்தைப் பார்த்தே பிரித்துச் சொன்ன பழைய பெரிய கைகளும் தவறியிருக்கின்றன. 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த சி.டி. ஸ்கேன்தான் இந்த வழக்கை முடித்துவைத்தது. இந்தியாவில் பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ நான்கைந்து பேரில் ஒருவருக்குக் கசிவு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஆஸ்பிரின் கொடுக்கத் துணிய முடியாத விகிதம் அது.

சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. மதுரை அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். விசைத்தறிக் கூடத்தில் விழுந்தவரோ, பூச்சந்தையில் பேச்சுக் குழறியவரோ முதலில் வந்து சேர்வது பக்கத்துச் சிறு மருத்துவமனைக்கு. அங்கே அண்மைக் காலத்தில் ஒரு குறுக்குவழி புகுந்திருக்கிறது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்போடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, க்ளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. மாரடைப்புக்கு அது நல்ல திட்டம், உயிர் காக்கும். இ.சி.ஜி. என்ற சான்று கையில் இருக்க, அங்கே ‘லோடிங்’ என்ற இந்த முதல் பெரிய அளவைக் கொடுப்பதில் தவறில்லை. அதே பொட்டலத்தைப் பக்கவாதக்காரர் வாயிலும் போட்டு 108இல் ஏற்றி அனுப்புவதுதான் தவறு. மூளைக்கு இ.சி.ஜி. கிடையாது. ஸ்கேனுக்கு முன் கொடுத்த மாத்திரையைத் திரும்ப வாங்கவும் முடியாது. அனுப்புகிற சீட்டில் “ஒன்றும் கொடுக்கவில்லை, ஸ்கேன் எடுக்கவும்” என்று எழுதுவதைச் சிலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். அந்த வரியை எழுதத் தெரிந்தவர்தான் வேலை தெரிந்தவர்.

விழுந்தவர் வாயில் வீட்டார் ஊற்றும் சோடாவும் காபியும் இன்னொரு கேடு. பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். ஊற்றியது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகும். மாத்திரைக்கும் இதே விதிதான். விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே வாய் வழியாக. இல்லையென்றால் மூக்குக் குழாய் வழியாக. விழுந்த கைகாலில் புறா ரத்தம் தேய்ப்பதும் இன்னும் ஓயவில்லை. கோவில் புற்றுமண்ணைப் பூசிக்கொள்வதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அதற்குச் செலவாகும் நேரம்தான் கெடுதல். ஆல்ட்டிப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கணக்கு. ஸ்கேனில் கசிவு இல்லை என்று தெரிந்து அந்த ஊசி போட்டாகிவிட்டால், அடுத்த 24 மணி நேரம் ஆஸ்பிரினை யாரும் தொடக்கூடாது. மறுநாள் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபின்தான் முதல் மாத்திரை. ஊசிக்கு நேரம் தவறியவர்களுக்கு, ஸ்கேன் முடிந்ததும் அன்றே தொடங்கலாம். 1997இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் (ஒன்று பல நாடுகளில், மற்றது சீனத்தில், இரண்டிலும் சேர்த்து 40 ஆயிரம் பேர்) இதை நிலைநாட்டின. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்பது பேரை மரணத்திலிருந்தோ மறு பக்கவாதத்திலிருந்தோ ஆஸ்பிரின் காக்கிறது. சிறிய எண்தான். ஆனால் விலை சில பைசா, தேவை ஒரு டம்ளர் தண்ணீர்.

அந்தச் சில பைசாவே ஆஸ்பிரினுக்கு அவமதிப்பாகவும் போயிற்று. ‘வெறும் ரத்தம் நீர்க்கிற மாத்திரை’ என்று அதைச் சொல்கிறார்கள். ரத்தம் அதனால் நீர்ப்பதே இல்லை. ரத்தத் தட்டணுவுக்குள் ஒரு நொதியை அது நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புதிய நொதியைச் செய்துகொள்ள வழியில்லை. அந்தத் தட்டணு தன் எட்டு, பத்து நாள் ஆயுள் முடியும் வரை ஒட்டும் திறன் குறைந்தே திரியும். இதைக் கண்டுபிடித்த வரிசையில் முதலில் நின்றவர் ஆய்வகத்து ஆள் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற ஊர் வைத்தியர், தொண்டைச் சதை அறுவை முடிந்து ஆஸ்பிரின் கலந்த மெல்லும் கோந்தைச் சுவைத்தவர்களுக்கு ரத்தம் நிற்காமல் வருவதைக் கவனித்தார். கட்டியைத் தடுக்க இதுவே உதவும் என்று 1950 வாக்கில் எழுதினார். பெரிய இதழ்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஆஸ்பிரின் செயல்படும் முறையை 1971இல் விளக்கிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறு ஊரில் உட்கார்ந்து நோயாளியைப் பார்ப்பவரின் கண்ணுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு கிரேவனைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மருத்துவத்தின் கஷ்டமான பகுதி இரண்டாவது மாத்திரையில் தொடங்குகிறது.

லேசான பக்கவாதத்துக்கும், வந்து மறைந்துபோகும் தற்காலிகத் தாக்குதலுக்கும் பிறகு முதல் சில நாட்களே மிக ஆபத்தானவை. ‘நல்லாயிட்டுது’ என்று வீடு திரும்பியவருக்கு நாலாம் நாள் பெரிதாக அடிப்பது இந்த வேலையில் அடிக்கடி பார்க்கிற துயரம். அந்த நாட்களுக்கு ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல்லும் சேர வேண்டும் என்பதை 2013இல் சீனத்து ‘சான்ஸ்’ ஆய்வு காட்டியது. 5,170 பேர், 24 மணி நேரத்துக்குள் தொடங்கிய மருந்து. 90 நாளில் மறு பக்கவாதம் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 11.7 விழுக்காடு, இரண்டும் எடுத்தவர்களில் 8.2. அந்த ஆய்வில் இரண்டும் சேர்ந்திருந்தது முதல் 21 நாள் மட்டும். 2018இல் வந்த ‘பாயின்ட்’ ஆய்வு இரண்டையும் 90 நாள் நீட்டிப் பார்த்தது: பக்கவாதம் குறைந்தது, பெரிய ரத்தக்கசிவோ 0.4இலிருந்து 0.9 விழுக்காடாக ஏறியது. இரண்டு ஆய்வுகளின் கணக்கையும் ஒன்றாக்கிப் பார்த்தபோது, நன்மை ஏறத்தாழ முழுவதும் முதல் மூன்று வாரத்திலேயே கிடைத்துவிடுவது தெரிந்தது. அதற்குப் பிறகும் இரண்டைத் தொடர்ந்தால் மிஞ்சுவது கசிவு.

நீண்ட காலம் இரண்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அதற்கு முன்பே தெரியும். 2004இல் ‘மேட்ச்’ ஆய்வு க்ளோபிடோக்ரெல்லோடு ஆஸ்பிரினைச் சேர்த்து ஒன்றரை ஆண்டு கொடுத்துப் பார்த்தது; பயன் கூடவில்லை, உயிருக்கு ஆபத்தான கசிவு கூடியது. 2012இல் சிறு குழாய் அடைப்புக்காரர்களிடம் நடந்த ஆய்வில் இரண்டு மருந்துப் பிரிவில் மரணமே அதிகம். ஆக, இரண்டாவது மாத்திரைக்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவைக் காப்பது யார் என்பதுதான் இந்த வட்டாரத்தின் தீராத சிக்கல்.

மதுரையிலோ நெல்லையிலோ ஒரு வாரம் படுத்திருந்து திரும்புகிறவர் கையில் சீட்டு இருக்கும். அதில் ‘21 நாள்’ என்று எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு எழுதி ‘தொடரவும்’ என்று முடித்திருப்பார்கள். அந்தச் சீட்டு மடிந்து, கிழிந்து, பாலித்தீன் உறைக்குள் போய், ஆண்டுக்கணக்கில் மருந்துக் கடைக்கு வருகிறது. “அண்ணாச்சி, அதே அட்டை ரெண்டு குடுங்க.” கடைக்காரர் கொடுக்கிறார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நிறுத்தச் சொல்லி அந்தச் சீட்டில் எதுவும் இல்லை. மலம் கறுத்துப் போவதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. ரத்தச்சோகை முற்றி மூச்சு வாங்கும்போது, ‘இதயக் கோளாறு’ என்று வேறொரு சீட்டு எழுதப்படுகிறது.

இதைவிட மோசமானது கலவைக் காப்ஸ்யூல். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்பு மருந்து மூன்றையும் ஒரே கூட்டில் அடைத்து விற்கிறார்கள். மாத்திரை எண்ணிக்கை குறைகிறது, நோயாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் மூன்று வாரத்தில் நிறுத்த வேண்டியதும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியதும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் எதை நிறுத்துவது? நிறுத்தினால் மூன்றும் போகும், தொடர்ந்தால் மூன்றும் தொடரும். இளம் மருத்துவர்கள் இதை எழுதுவதற்குச் சொல்லும் காரணம், நோயாளி தவறாமல் சாப்பிடுவார் என்பது. தவறாமல் சாப்பிடுவார், நிறுத்த வேண்டிய நாளிலும் தவறாமல் சாப்பிடுவார். பழைய முறை எளிது: தனித்தனி அட்டை, நிறுத்த வேண்டிய அட்டையின் முதுகில் பேனாவால் தேதி, வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் வாயால் ஒரு முறை. பல கடைசித் தேதிகள் அப்படித்தான் காக்கப்பட்டன. இப்போது கணினிச் சீட்டு அழகாக வருகிறது. ஆனால் பல சீட்டுகளில் தேதிக்கு இடமில்லை.

க்ளோபிடோக்ரெல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. அது விழுங்கியபடியே வேலை செய்யாது. கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றிய பிறகே செயல்படும். அந்த நொதியின் மரபணு குறைபாடுள்ள வடிவம் தமிழரிடையே பரவலாக இருப்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். மரபணுச் சோதனை எல்லோருக்கும் எட்டாது. எட்டக்கூடிய திருத்தம் ஒன்று இருக்கிறது: ‘கேஸ் மாத்திரை’ என்று கூடவே எழுதும் ஒமெப்ரசோல் அதே நொதியைத் தடுக்கிறது, அதற்குப் பதில் பான்டாப்ரசோல் எழுதினால் போதும். இவ்வளவு சின்ன விஷயம், இன்னும் பாதிச் சீட்டுகளில் திருந்தவில்லை.

தட்டணு மருந்தே தவறாகிவிடும் இடமும் ஒன்று உண்டு. நாடி தாளம் தப்பித் துடித்தால், கட்டி இதயத்தின் மேலறையில் உருவாகி மூளைக்குப் போயிருக்கலாம். அதற்கு ஆஸ்பிரின் போதாது. உறைதலையே தடுக்கும் வேறு வகை மருந்து வேண்டும். வாத சுரத்தால் இதய வால்வு சுருங்கியவர்களுக்குப் பழைய வார்ஃபரினே இன்றும் சிறந்தது என்று 2022இல் வந்த ஆய்வு சொல்லிற்று. நாடி தாளம் தப்புவதைக் கண்டுபிடிக்கத் தேவை மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல் வைப்பது, அப்புறம் ஒரு இ.சி.ஜி. எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

மாத்திரையோடு நிற்காமல், அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிவலையான ஸ்டென்டைக் கேட்பவர்களும் உண்டு. அந்த விஷயத்தில் பொதுமக்களுக்கு இருக்கும் மயக்கம் இதயத்திலிருந்து வந்தது. இதயத்தில் வைத்தால் சரியாகிறதே, மூளையில் ஏன் வைக்கக்கூடாது? கழுத்துத் தமனியில் வைக்கலாம். அதற்குச் சான்று உண்டு. அடைப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, அதனால் பக்கவாதமும் வந்திருந்தால், தமனியைத் திறந்து படிவை எடுக்கும் அறுவையின் பயனை 1991இலேயே வட அமெரிக்க ஆய்வு நிறுவியது: இரண்டு ஆண்டில் பக்கவாதம் மருந்துப் பிரிவில் 26 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 9. ஸ்டென்டை அந்த அறுவையோடு ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ‘கிரெஸ்ட்’ ஆய்வில் 2,502 பேர்; மொத்தத்தில் இரண்டும் சமம். பிரித்துப் பார்த்தால் ஸ்டென்டில் பக்கவாதம் சற்று அதிகம், அறுவையில் மாரடைப்பு சற்று அதிகம். எழுபது வயதுக்கு மேல் அறுவைக்கே கை ஓங்கியது. நோய்க்குறியே இல்லாதவருக்கு ஸ்டென்ட் தேவையா என்பதில் சந்தேகம் நீடித்தது. 2025 இறுதியில் வெளியான கிரெஸ்ட்-2 ஸ்டென்டின் பக்கம் சாய்ந்தது. தேர்ந்தெடுத்த கைகள் செய்த ஆய்வு அது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மண்டைக்குள் இருக்கும் குழாயில் கதை வேறு. ஆசியர்களிடம் அதிகம் காண்பது இந்த உள்மண்டை அடைப்புதான். 2011இல் ‘சேம்ப்ரிஸ்’ ஆய்வு 451 பேரோடு நிறுத்தப்பட்டது. காரணம்: 30 நாளில் பக்கவாதமோ மரணமோ கண்டவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 14.7 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 5.8. அந்த மருந்துப் பிரிவு வென்றது எதனால் என்று கவனிக்க வேண்டும்: 90 நாள் இரண்டு தட்டணு மருந்து, கடுமையாகக் கட்டுப்படுத்திய ரத்த அழுத்தம், இறக்கிய கொழுப்பு, விட்டுவிட்ட புகை. ‘வெறும் மாத்திரை எழுதுகிறவர்’ என்று இளக்காரமாகச் சொல்லப்படும் ஆளின் வேலை அது. முழுதாக விரிக்காமல் பலூனால் மட்டும் மெல்ல விரிக்கும் முறை 2024இல் சீனத்தில் நல்ல பலன் காட்டியிருக்கிறது. தேர்ந்த மையங்களில் அது மெல்ல இடம்பிடிக்கலாம். கட்டியைப் பிடித்து இழுக்கும் வலைக்கம்பியும் ஸ்டென்ட் போல் தோன்றும். ஆனால் அது உள்ளே தங்குவதில்லை, கட்டியோடு வெளியே வந்துவிடும். 2015இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு பெருங்குழாய் அடைப்புக்கு அதுவே முதல் சிகிச்சை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குச் செங்கோட்டை வழியாகப் போய்த் திரும்பிய சிலர், ‘மூளையில் ஸ்டென்ட் வச்சிருக்கு’ என்று சொல்வார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தால் எடுத்ததுதான் எழுதியிருக்கும், வைத்தது இருக்காது. இந்த வேறுபாட்டின்மேல்தான் அடுத்த ஆறு மாத மருந்து நிற்கிறது.

கழுத்தில் உண்மையிலேயே ஸ்டென்ட் வைத்தவருக்கு, வைப்பதற்குச் சில நாள் முன்பே இரண்டு மருந்தும் தொடங்கி, வைத்த பிறகு குறைந்தது நாலு வாரம் தொடர வேண்டும். அப்புறம் ஒன்று ஆயுள் முழுக்க. இங்கே சிக்கல் தலைகீழாகிறது. நிறுத்த வேண்டியதைத் தொடர்கிற அதே ஊரில், தொடர வேண்டியதைப் பல் பிடுங்குவதற்காக நிறுத்துகிறார்கள். கம்பியின் மேல் உள்ளணு படர்வதற்கு முன் மருந்து நின்றால் ஸ்டென்டே அடைத்துவிடும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்குப் பல் பிடுங்கலாம். பஞ்சு வைத்து அழுத்தினால், தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டால் ரத்தம் நிற்கும். கண்புரை அறுவைக்கும் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. குடலிறக்கம், புராஸ்டேட் போன்ற தள்ளிப்போடக்கூடிய அறுவைகளை இரண்டு மருந்துக் காலம் முடியும் வரை தள்ளிவைக்கலாம். தள்ள முடியாதபோது க்ளோபிடோக்ரெல்லை ஐந்து நாள் முன்பாக நிறுத்தி, ஆஸ்பிரினை மட்டும் விட்டுவைப்பது வழக்கம். அந்த முடிவை எடுப்பவர் ஸ்டென்ட் வைத்த மருத்துவரோடு ஒரு முறை தொலைபேசியில் பேசிவிட்டு, நிறுத்தும் தேதியையும் மறுபடி தொடங்கும் தேதியையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.