அடுக்களைப் பலகையும் ஆளிவிதை எண்ணெயும்

புதிதாக வீடு கட்டுவோரும் பழைய வீட்டைச் செப்பனிடுவோரும் இந்நாளில் சமையல் மேடைக்குக் கருங்கல்லையே நாடுகின்றனர். கல் சூட்டைத் தாங்கும், கழுவிவிட்டால் போதும். ஆயினும் எங்கள் இல்லத்தில் அடுப்பு இருக்கும் பகுதி கல்லாகவும், காய் அரிந்து மாவு பிசையும் பகுதி பலா மரமாகவும் உள்ளன. முன்னோர் நெல் சேமித்து வைத்த பத்தாயத்தைப் பிரித்துப் பங்கிட்டபோது எங்கள் பங்கில் வந்த பலகைகள் அவை. வீட்டைச் செப்பனிட்ட வேளையில் கொத்தனாரும் உறவினரும், "மரம் ஈரத்தில் உளுத்துப்போகும், எடுத்துவிடுங்கள்" என்று பலமுறை சொன்னதுண்டு. அவர்களுடைய அச்சம் பொருளற்றதன்று. பேணப்படாத மரம் அடுக்களையில் நெடுநாள் நில்லாது. ஆகவே, வைத்துக்கொள்வதாயின் அதனைக் காக்கும் முறையை அறிந்தே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

மரம் வெட்டுண்ட பின்னும் நீரை உறிஞ்சுவதை விடுவதில்லை. ஈரம் புகுந்தால் இழைக்குக் குறுக்காக விரிகிறது, உலர்ந்தால் சுருங்குகிறது. வெடிப்பும் வளைவும் இதனாலேயே தோன்றுகின்றன. அதன் நுண்துளைகளில் எண்ணெய் நிறைந்திருப்பின் நீர் விரைந்து உட்புகாது.

எந்த எண்ணெய் என்பதே அடுத்த கேள்வி. எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றாலே தேங்காயெண்ணெய்தான். இடியாப்ப உரலுக்கும் அகப்பைக்கும் நம் அன்னையர் அதனையே தடவினர். சிறு பொருள்களுக்கு அது ஏற்றதே. ஆனால் அதன் கொழுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற வகையாதலால், காற்றுப் பட்டு இறுகும் தன்மை அதற்கு இல்லை. நாள்தோறும் துடைக்கப்படும் மேடையில் அது விரைவில் கரைந்து போகும். நல்லெண்ணெயோ முழுதும் உலராமல் பிசுபிசுத்து, நாளடைவில் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் இவற்றினின்று வேறுபட்டது. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று அது மெல்ல மெல்லக் கெட்டியாகி, மரத்தோடு ஒன்றிவிடுகிறது. ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக வண்ணம் குழைத்ததும், நம் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டைக்குத் தடவுவதும் இவ்வெண்ணெயே.

வாங்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெயிண்ட் கடைகளில் 'டபிள் பாயில்டு' என்று விற்கப்படும் ஆளிவிதை எண்ணெயில், விரைந்து உலர்வதற்காக மாங்கனீசு, கோபால்ட் போன்ற உலோகச் சேர்மங்களைக் கலப்பது வழக்கம். கதவுக்கும் சன்னலுக்கும் அது பொருந்தும். உணவு படும் பலகைக்குச் செக்கில் ஆட்டிய கலப்பற்ற எண்ணெயே நன்று. உலர்வதற்கு நாள் கூடும், பொறுத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் பலகையை நன்கு உலரவிட்டு, 120 எண் உப்புத்தாளாலும் பின்னர் 220 எண் உப்புத்தாளாலும் இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்தபின் பழைய பருத்தித் துணியால் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, இருபது நிமிடம் கழித்து, மரம் ஏற்காமல் மேலே நிற்பதனைத்தையும் துடைத்தெடுக்க வேண்டும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதனை அப்படியே விட்டால் பின்னர் பிசினாக ஒட்டும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இவ்வாறு மும்முறை செய்தல் வேண்டும். மழைக்காலத்தில் இடைவெளி நீளும். எனவே நாங்கள் வெயில் மாதங்களிலேயே இவ்வேலையை வைத்துக்கொள்கிறோம்.

இனிச் சொல்வது யாவற்றிலும் முக்கியமானது. இவ்வெண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்பின்றியே துணி தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991 பிப்ரவரி 23 அன்று, 38 மாடிக் கட்டடமொன்றின் 22-ஆம் மாடியில், மரத்துக்கு மெருகேற்றியோர் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து தீ மூண்டது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். குழந்தைகள் உறங்கும் வீட்டில் இதனை எளிதாக எண்ணலாகாது. எங்கள் இல்லத்தில் பலகையைத் தொட்ட துணி எதுவாயினும், உடனே தண்ணீரில் நனைக்கப்படும். அல்லது முற்றத்தில் ஒற்றையாக விரித்துக் கொடியில் உலர்த்தப்படும். வேலை முடிந்ததற்கு அடையாளம் பலகையன்று, துணியே.

அன்றாடப் பேணுதல் எளிது. ஈரப் பாத்திரத்தை, சிறப்பாக இரும்புச் சட்டியை, மரத்தின்மேல் வைத்து மறத்தல் ஆகாது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் கலந்து கருங்கறை படியும். எலுமிச்சை மூடியால் கல்லுப்பைத் தேய்த்தால் பல கறைகள் மங்கும். மஞ்சள் கறைக்கு வெயிலே மருந்து. அவ்வப்போது ஒரு சொட்டு நீரைப் பலகையில் விட்டுப் பார்க்கலாம். முத்துப்போல் நின்றால் கவலையில்லை. ஊறி நிறம் மாறினால் மீண்டும் எண்ணெய் இடும் காலம் வந்துவிட்டது.

கல் மேடை உள்ள இல்லங்களிலும் சப்பாத்திப் பலகையும் மத்தும் அரிவாள்மனைப் பலகையும் இருக்கும். நல்ல வெயில் அடிக்கும் ஒரு வாரத்தில், பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு அவற்றுக்கு எண்ணெய் இட்டுப் பாருங்கள். துணியை மட்டும் மறவாதீர்கள்.