ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு வீடு கிடைக்குமா?

விடியற்காலை மூன்றரை மணிக்கு காசிமேடு போயிருக்கிறீர்களா பாஸ்? இல்லையென்றால் உங்கள் சென்னை பேப்பரில் ஒரு அரியர் பாக்கி என்று அர்த்தம். வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் சிவில் டிபார்ட்மென்ட் நண்பன் வீட்டில் ராத்திரி தங்கி, அவனை உதைத்து எழுப்பி, பைக்கில் போய் இறங்கினால்... ஊரே தூங்கும் நேரத்தில் அங்கே மட்டும் தீபாவளி ரங்கநாதன் தெரு! டியூப் லைட் வெளிச்சம், ஐஸ் உடைக்கும் சத்தம், காலுக்கடியில் சளக் சளக் தண்ணீர், ஏலம் விடுகிற குரல்கள். நாம் மொபைலை வெளியே எடுப்பதற்குள் ஒரு கூடை கைமாறிவிடுகிறது.

"தம்பி, போட்டோவுக்கா, மீனுக்கா?" என்றார் ஒரு அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கூடையில் சங்கராவும் காரப்பொடியும். போட்டோவுக்குத்தான் என்று வழிந்தேன். பேச்சை வளர்க்க, "வீடு பக்கத்துலயாக்கா?" என்று கேட்டு வைத்தேன்.

"எந்த வூடு? இடிச்ச வூடா, வாடகை வூடா?"

துறைமுகம், ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் (1856-ல் திறந்தது, தென்னிந்தியாவிலேயே முதல் ஸ்டேஷன்) என்று ஜாலியாக ஒரு ஊர் சுற்றும் கட்டுரை எழுதத்தான் நான் கிளம்பினேன். இந்த ஒரு கேள்வியில் பிளானே மாறிப்போனது.

அக்கா பிறந்து, கல்யாணம் ஆகி, பேரன் எடுத்தது எல்லாமே ராயபுரம் பக்கத்தில் ஒரு பழைய ஹவுசிங் போர்டு பிளாக்கில். குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஆரம்பித்தது. இப்போது அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், 2021-ல் மாற்றினார்கள். ஆனால் வடசென்னையில் யாரிடமும் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்காதீர்கள், 'ஹவுசிங் போர்டு' என்றால் போதும். ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதுதான் வாரியத்தின் வழக்கம். அதனால்தான் ஹார்பர் கூலியும் மீன்காரம்மாவும் கடலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தார்கள்.

அந்த பிளாக்குகளுக்கு வயதாகிவிட்டது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் போய் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு ஊதி பூச்சைத் தள்ளும் என்று சிவில் நண்பன் அங்கேயே மூன்றாவது செமஸ்டர் பாடத்தை ஒப்பித்தான். "அத்த நாங்க வூட்டுக்குள்ளயே பார்த்தோம் கண்ணு, சோத்துல வுழும்" என்றார் அக்கா. சரி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று முடிவானது. எல்லோரும் காலி செய்தாக வேண்டும்.

கட்டி முடிக்கும் வரை எங்கே இருப்பது? அதற்கு அரசு ஒரு தொகை தருகிறது. பெயர் 'கருணைத் தொகை'. (பெயரைக் கவனியுங்கள். வாடகை என்றால் வாடகைக்கு ஈடாக இருக்கிறதா என்று கேள்வி வரும். கருணையை யார் அளந்து பார்ப்பார்கள்?) முன்பு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு 24,000 ஆக்கினார்கள். மூன்று மடங்கு, நிஜமாகவே பெரிய உயர்வுதான். ஆனால் மொத்தமே ஒரே தடவைதான்.

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? ஐஸ் பெட்டி மேல் மொபைலை வைத்துக் கணக்குப் போட்டேன். பதினெட்டு மாதத்தில் கட்டி முடித்தால் மாதத்துக்கு 1,333 ரூபாய். இரண்டு வருஷம் ஆனால் சரியாக 1,000. அக்கா இப்போது கொடுக்கும் வாடகை ஆறாயிரம், கரன்ட் தனி. அட்வான்ஸ் நாற்பதாயிரம். ஆக, கருணைத் தொகை மொத்தமும் அட்வான்ஸிலேயே கரைந்து, மேலே வட்டிக்கும் வாங்கியாச்சு. "அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2017-லயே சட்டம் போட்டாங்கக்கா" என்று அறிவாளியாக எடுத்து விட்டேன். அக்கா பக்கத்துக் கடை ஆயாவைக் கூப்பிட்டு நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, வரத்து குறையும். "வாடகைக்கு ஏது தடைக்காலம்?"

ஆறாயிரத்துக்கே ராயபுரத்தில் வீடு கிடைக்கவில்லை. தேடித் தேடி வடக்கே தள்ளித் தள்ளிப் போய், எர்ணாவூர் பக்கம் ஒரு சந்தில் பிடித்திருக்கிறார். ஏலத்துக்கு மூன்று மணிக்கு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் ஏது? நாலு பேர் சேர்ந்து ஆட்டோ.

அந்த வீட்டையும் பார்த்துவிடலாம் என்று, மத்தியானத்துக்கு மேல் வரச் சொன்ன அக்காவின் பேச்சைக் கேட்டு நாங்களும் மெட்ரோ ஏறினோம். தண்டையார்பேட்டை தாண்டினால் ரயில் பாதாளத்திலிருந்து மேலே ஏறும். வலது பக்கம் ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிகளுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி. சினிமாக்காரர்கள் வடசென்னை என்றால் அரிவாளோடும் கேரம் போர்டோடும் நிறுத்திக்கொள்கிறார்களே, அது ஏன் என்று நண்பனுக்குக் கோபம். அவன் ஏரியா, கோபப்படட்டும்.

திருவொற்றியூரில் இறங்கினோம். வடிவுடையம்மனுக்கு ஒரு கும்பிடு. நண்பன் கேட்டான், "அறிவாகுளம் ஞாபகம் இருக்கா?" எப்படி மறக்கும்? 2021 டிசம்பர் 27. 1993-ல் கட்டிய வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்து மண்ணானது. முந்தின நாள் ராத்திரியே விரிசலைப் பார்த்து பயந்து, காலையில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அதனால் ஒரு உயிர் கூடப் போகவில்லை. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணமும் மாற்று வீடும் முதல்வர் அறிவித்தார். அங்கே மொத்தம் 336 வீடுகள். இடிந்ததென்னவோ 24. மீதிப் பேருக்கு அன்று ராத்திரி எப்படித் தூக்கம் வந்திருக்கும் என்றுதான் எனக்கு யோசனை. இடிக்கவே கூடாது என்று யாரும் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அக்காகூட அப்படிச் சொல்லவில்லை. நடுவில் இருக்கிற அந்த ஒன்றரை, இரண்டு வருஷம்தான் பிரச்னை.

நடுவில் போனவர்கள் திரும்பாத கதையும் இங்கே உண்டு. 2004 சுனாமியில் வீடு இழந்த இந்தப் பக்கத்துக் கடலோர மக்களை திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் வைத்தார்கள். அங்கிருந்து ஒரு பகுதி குடும்பங்கள் ஊரின் தென்கோடியில், துரைப்பாக்கம் கண்ணகி நகருக்குப் போயின. காசிமேட்டிலிருந்து ரொம்ப தூரம். மூன்று மணி ஏலத்துக்கு அங்கிருந்து எப்படி வருவது? 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளுக்கான வீடுகள் எல்லாம் தெற்கு ஓரத்தில்தான் ஆயிரக்கணக்கில் எழுந்தன. பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது குடும்பத்துக்கு இடம் மாறும் செலவு 5,000, அப்புறம் ஒரு வருஷத்துக்கு மாதம் 2,500 பிழைப்பு உதவி. கூட்டினால் 35,000. ஊரை விட்டுப் போனால் 35,000-மும் ஒரு வீடும். ஊரிலேயே காத்திருந்தால் 24,000-மும் வாடகைச் சீட்டும்! இரண்டும் வேறு வேறு திட்டம், ஒப்பிடக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லலாம். வாங்குகிறவர்கள் ஒப்பிடத்தானே செய்வார்கள்?

இதெல்லாம் நம்ம ஊர் ஸ்பெஷல் என்று நினைத்திருந்தேன். லண்டனிலும் இதே சீன்! அங்கே நியூஹாம் என்று ஒரு பகுதி, அவர்களுடைய பழைய ஹார்பர் ஏரியா, லண்டனின் ராயபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழைகளின் வாடகைக்கு அரசு தரும் உதவிக்கு 2011-ல் உச்சவரம்பு வந்தது. 2013-ல் ஒரு குடும்பம் வாங்கும் மொத்த உதவிக்குமே வாரம் 500 பவுண்டு என்று வரம்பு கட்டினார்கள். லண்டன் வாடகையோ அதைக் கேட்டு நிற்கவில்லை. 2012-ல் நியூஹாம் கவுன்சில், 500 குடும்பங்கள் வரை எடுத்துக்கொள்வீர்களா என்று 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஸ்டோக் நகரத்தில் உள்ள ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்குக் கடிதம் எழுதியது. அடுத்த வருஷம் ஒரு விடுதியில் இருந்த 29 இளம் தாய்மாரைக் காலி செய்யச் சொல்லி, மான்செஸ்டருக்கோ பர்மிங்ஹாமுக்கோ போங்கள் என்றார்கள். அந்தப் பெண்கள் கைக்குழந்தைகளோடு போராட்டத்தில் இறங்கிவிட்டார்கள். 'ஃபோகஸ் இ ஃபிஃப்டீன்' என்று அதற்குப் பெயர். யாரையும் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, கவனியுங்கள். தொகையை மட்டும் நிறுத்தி வைத்தார்கள், வாடகை மேலே போனது.

விம்கோ நகரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து எர்ணாவூர் போனோம். முதலில் வருவது சுனாமி குடியிருப்பு. மாடி மாடியாக, வரிசை வரிசையாக, ஒரே மாதிரி. கடற்கரையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள் வலையையும் கூடையையும் வராந்தாவில் மாட்டி வைத்திருக்கிறார்கள். காற்றில் உப்பு இல்லை, வேறு ஏதோ கம்பெனி வாசனை.

அக்காவின் வாடகை வீடு அங்கிருந்து இரண்டு சந்து. ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, பாத்ரூம் பொது. சுவரில் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஆணியில் தொங்குகிறது ஒரு காகிதக் கட்டு: பழைய வீட்டின் ஒதுக்கீட்டு ஆணை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கருணைத் தொகை வாங்கிய ரசீது. "மழ வந்தா மொதல்ல இத்ததான் தூக்கினு ஓடுவேன். இது இல்லாங்காட்டி புது வூடு இல்ல." புது வீடு 400 சதுர அடி வருமாம். அதற்குப் பங்களிப்புத் தொகை கட்டச் சொல்வார்களே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அப்போ பாத்துக்கலாம்" என்றவர், எங்கள் தட்டில் இன்னொரு சங்கராவை வைத்தார். "உங்க ஹாஸ்டலுக்கு மாசம் எவ்ளோ கட்ற?"

சொன்னேன். நண்பன் தரையைப் பார்த்தான்.

"சாப்பாடோடவா?"

"சாப்பாடோடதான்கா."

"அப்ப நல்ல எடம்தான்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார். மணி ஆறுகூட ஆகவில்லை, பாயை விரிக்க ஆரம்பித்தார். இரண்டரைக்கு ஆட்டோ வந்துவிடும்.