இருபத்து நாலு வீதம்

எங்கள் ஊரில் கிழமைக் கடன் வாங்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கத்து வீட்டு ராத்தாவும் வாங்கியிருந்தார். 50,000 ரூபா. ஆண்டுக்கு 24 வீத வட்டி. 52 கிழமைகளில் 62,000 ரூபா கட்டி முடிக்க வேண்டும். கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா.

"நூத்துக்கு இருபத்தி நாலுதானே தம்பி, பெரிய வட்டியில்லையே?" என்றார்.

புத்தகத்தை வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முழு 50,000 ரூபாவும் அவரிடம் கடனாக இருந்தது முதற் கிழமை மட்டுமே. ஒவ்வொரு கட்டோடும் முதல் குறைகிறது. ஆனால் வட்டி, கடைசிக் கிழமை வரை முழுத் தொகைக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் மீதிக்கு மட்டும் கணக்கிட்டால் அவர் கட்டும் வட்டி ஆண்டுக்கு 44 வீதமளவில் வருகிறது.

ராத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இத அந்தப் பொடியன் சொல்லல்லையே" என்றார்.

2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் செலுத்த முடியாதிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்நிதிக் கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. நிதிக் கம்பனிகளின் நுண்நிதிக் கடன்களுக்கு 35 வீத உச்ச வட்டியும் அவ்வாண்டிலேயே விதிக்கப்பட்டது. நல்லதுதான். ஆயினும் 24 என்று காதில் விழுந்தது 44 என்று கண்டுபிடிக்க முடியாத ஒருவர், 35ஐத் தாண்டியதை எப்படி அறிவார்?

பிரித்தானியாவில், சம்பள நாள் வரைக்கும் கொடுக்கப்படும் குறுங்கடன்களுக்கு 2015 ஜனவரியில் வரம்பு கட்டினார்கள். நாளொன்றுக்கு 0.8 வீதத்துக்கு மேல் அறவிடக்கூடாது. அது மலிவான வட்டியல்ல. ஆனால் கூடவே இன்னொரு விதியும் வந்தது: வட்டி, கட்டணம், தண்டம் எல்லாம் சேர்ந்தும் வாங்கிய தொகையைத் தாண்டக்கூடாது. 100 பவுண் வாங்கியவர் எத்தனை தவணை தவறினாலும் 200க்கு மேல் கட்டவேண்டியதில்லை. இதை விளங்கிக்கொள்ள வீதக் கணக்குத் தேவையில்லை.

வட்டியே ஹராம் எனும்போது நியாயமான வட்டி என்ன வட்டி என்று நம்மவர் கேட்பார்கள். கேள்வி சரிதான். ஆனால் ராத்தா முதலில் தட்டியது நம்முடைய கதவுகளைத்தான். கர்ழ் ஹஸன் கொடுக்க அன்று எவரிடமும் பணமிருக்கவில்லை. அந்தக் கதவுகளை நாம் திறக்கும் வரைக்கும், திறந்திருக்கும் கதவில் மொத்த விலையை ரூபாவில் எழுதி ஒட்டு என்று சொல்லவாவது நமக்கு வாய் வேண்டாமா?