அம்மா கால் நீட்டிப் படுக்க ஒரு வேன்

அப்பா பசார் மாலாமில் காய்கறி விற்ற பழைய நிசான் வேனட், அவருக்குப் பிறகு டெங்கிலில் எங்கள் வீட்டு வாசலில் சும்மா நின்றது. விற்றுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். நான் அதைப் படுத்துறங்கும் வண்டியாக மாற்றினேன். காரணம் அம்மா.

அம்மா பிராங் பெசார் தோட்டத்தில் பிறந்தவர். 1921-இல் தொடங்கிய அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா இருக்கிறது. தோட்டத்து மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்குக் குடிவந்தார்கள். விடுமுறை வந்தால் மற்றவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள்; அம்மாவுக்குப் போக ஊர் இல்லை. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகவேண்டும் என்பது மட்டும் அவர் ஆசை. 350 கிலோமீட்டருக்கு மேல் பயணம். மூட்டுவலியோடு அவ்வளவு நேரம் உட்கார முடியாது. அந்த நாள்களில் தங்கும் அறை கிடைப்பதோ குதிரைக்கொம்பு.

எங்கள் காலை வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்கள் பலர், வேனுக்குள் எந்த மாதிரி கட்டில் போடலாம் என்று கேட்கிறார்கள். கட்டிலுக்கு முன் காற்றைப் பாருங்கள் என்பேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய வேன் அடுப்புதான். ஏர்கோனுக்காக இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் எதிரெதிர் சன்னல்களுக்குக் காந்தம் தைத்த கொசுவலை போட்டேன். மழைத்தடுப்பு இருப்பதால் மழையிலும் கண்ணாடியை இரண்டு விரல் அளவு திறந்து வைக்கலாம். சிறு மின்விசிறி தனி மின்கலத்தில் ஓடுகிறது. வண்டியின் மின்கலத்தைத் தொட்டால் காலையில் வண்டி கிளம்பாது.

அடுத்தது சாமான். அப்பாவின் காய்கறிக் கூடைகளே எங்கள் இழுப்பறைகள். கூடையின் உயரத்தை அளந்துதான் கட்டிலின் உயரத்தை முடிவு செய்தேன். கட்டில் அதற்கு மேல் உயர்ந்தால் உட்காரும்போது தலை கூரையில் இடிக்கும். தண்ணீர்க் கலன் போன்ற கனமானவை தரையில், இருக்கையை ஒட்டி இருக்கும். எல்லாவற்றையும் தரைக் கொக்கிகளில் பட்டையால் இறுக்கிவிடுவேன். திடீரென்று பிரேக் போட்டால் கட்டாத கூடை பறந்துவந்து தலையில் அடிக்கும். எரிவாயு அடுப்பை வேனுக்கு வெளியேதான் பற்றவைப்போம்.

கட்டில், 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மூன்று பலகைகள். பலகை முழுக்கத் துளைகள் போட்டோம். இல்லாவிட்டால் வியர்வையும் ஈரமும் அடியில் தேங்கி மெத்தை பூசணம் பிடித்துவிடும். ஓடும்போது இரண்டு பலகைகள் பின்னால் இருக்கும். வண்டி நின்ற பிறகு நடு இருக்கையை மடக்கி மூன்றாவதைப் போடுவோம். வண்டி ஓடும்போது யாரும் படுப்பதில்லை. அம்மாவும் என் மகளும் இருக்கையில் வார் போட்டுத்தான் வருவார்கள். அம்மா ஏறுவதற்குப் பக்கக் கதவருகே ஒரு முக்காலியும் கைப்பிடியும் வைத்திருக்கிறேன்.

பலகைகளை எதிலும் நிரந்தரமாகப் பொருத்தவில்லை. பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். வண்டியின் அமைப்பையே மாற்ற நினைப்பவர்கள், வேலையைத் தொடங்கும் முன் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டு அனுமதி பெறுங்கள்.

“அதுல எப்படிம்மா படுக்கிறது, மூச்சு முட்டுமே” என்றுதான் அம்மா முதலில் தயங்கினார். பினாங்கு போகும் வழியில் தாப்பா ஓய்வுப் பகுதியில் முக்கால் மணி நேரம் கால் நீட்டித் தூங்கினார். எழுந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் போவோமா?”