மூவருக்கும் எண் பூச்சியம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "அப்படி என்னதான்டா படிக்கிறே?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் விழிப்பேன். சென்ற டிசம்பர் விடுமுறையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மாணவர் பயில்வதற்கென்றே மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2006-ல் உருவாக்கிய சிறிய இயங்குதளம் எக்ஸ்வி6. கியூஎமு என்னும் போலிக் கணிப்பொறியில் அது மூன்று செயலிகளுடன் எழும். மூன்றும் ஒரே நிரலை முதல் வரியிலிருந்து ஓட்டும். ஆகவே, 'நான் யார்?' என்று ஒவ்வொன்றும் தன்னையே கேட்டாக வேண்டும். பூச்சியம் எண்ணுள்ள செயலி வாசல் பெருக்கி அடுப்பு மூட்டும். மற்றவை அதுவரை காத்து நிற்கும்.

செயலியின் எண் எம்ஹார்ட்ஐடி என்னும் பதிவகத்தில் உள்ளது. அதை மிக உயர்ந்த அதிகார நிலையில்தான் படிக்க முடியும். அந்நிலையை விட்டு இறங்குமுன் எண்ணை டிபி என்னும் பதிவகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

விடுமுறை முடிந்ததும் துறைக் கருத்தரங்கில் நான் பேச வேண்டும். நிரலை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று தொடக்கப் பகுதியில் சில வரிகளை இடம் மாற்றினேன். வந்தது வினை! ஒரு முறை எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிதறின. மறுமுறை 'பேனிக்: அக்கொயர்' என்று நின்றது. செயலியை ஒன்றாகக் குறைத்தாலோ சமர்த்தாக ஓடிற்று!

மூன்று இரவுகள் போயின. "மணி ரெண்டாச்சு, படு கண்ணு" என்றாள் அம்மா. மாமா சொன்னபடி ஜவுளிக்கடை வேலைக்கே போயிருக்கலாமோ? 'தமிழ் வழியில் படித்தவன்தானே' என்று யாரேனும் சிரிப்பார்களோ? உறக்கம் வரவில்லை.

நான்காம் நாள் ஜிடிபி என்னும் பிழைதேடும் கருவியைக் கொண்டு மூன்று செயலிகளையும் நிறுத்திப் பார்த்தேன். எம்ஹார்ட்ஐடி 0, 1, 2. டிபியோ 0, 0, 0! எல்லாம் தன்னையே மூத்தவன் என்று எண்ணிக்கொண்டு அடுப்பு மூட்டியிருக்கின்றன. பூட்டு, தன்னை எடுத்த செயலியைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்து வந்ததற்கும் அதே எண் இருந்ததால், 'கையில் உள்ளதையே மறுபடி கேட்கிறாயே' என்று இயங்குதளம் அலறிவிட்டது.

எண்ணை எழுதும் வரி நிரலில் இருக்கத்தான் இருந்தது. ஆனால், எம்ரெட் என்னும் ஆணைக்குக் கீழே போயிருந்தது. அவ்வாணை செயலியை வேறிடத்துக்கு அனுப்பிவிடும்; திரும்பி வராது. மூன்று இரவும் கண்ணெதிரே கிடந்த அந்த வரி ஒரு முறைகூட ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. மேலே ஏற்றினேன்; திரையில் ஹார்ட் 2, ஹார்ட் 1 என்று வரிசையாய் எழுந்தன.

அப்பாவிடம் ஓடிச் சொன்னேன். தறியிலிருந்து எழாமலே, "மூணு பேருக்கும் ஒரே பேரு வெச்சுக் கூப்பிட்டா மூணு பேருந்தான்டா ஓடி வருவானுங்க" என்றார்.

கருத்தரங்கில் என் பேச்சை அதைச் சொல்லித்தான் தொடங்கினேன்.