பீங்கான் ஊரில் ஒரு கேமிங் பொட்டி

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று ரயில் ஜங்ஷன், இன்னொன்று பழமலைநாதர் கோயில். கொலுவும் கார்த்திகையும் நெருங்கினால் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். பீங்கான் பொம்மை, பீங்கான் அகல் விளக்கு. பக்கத்து நெய்வேலி பக்கம் கிடைக்கிற வெள்ளைக் களிமண், ஊருக்குள் ஒரு செராமிக் தொழிற்பேட்டை, பீங்கான் தொழிலுக்கென்றே டிப்ளமோ சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனம் என்று இந்த ஊருக்கு ஒரு தனி முகம் உண்டு.

அந்தப் பேட்டையில் சூளை வேலை பார்க்கும் ஒருவருடைய பையன் 2024-ல் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டினான். அவன் வாங்கவில்லை, கட்டினான். அந்தக் கதைதான் இது. பொட்டி கட்ட நினைக்கும் மக்களுக்கு நடுநடுவே கொஞ்சம் உபயோகமான சங்கதியும் உண்டு.

பையன் டிப்ளமோ இரண்டாம் வருஷம். போனில் விளையாடி விளையாடிக் கட்டைவிரல் தேய்ந்து போனவன். கார்த்திகை சீசனில் இரண்டு வருஷம் அகல் விளக்கு அடுக்கி, பேக்கிங் செய்து சேர்த்தது 16,000 ரூபாய். மீதிக்கு அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தந்தாள். மொத்தம் 40,000. அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"வெளையாடுறதுக்கு நாப்பதாயிரமா? எனக்கு அது எத்தன மாச சம்பளம்னு தெரியுமாடா?"

"படிக்கவும் செய்யலாம்ப்பா."

"வெளையாடத்தான் போற. அதையாவது ஒழுங்கா சொல்லு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி மௌனம்தான் இருக்கிறதிலேயே பயங்கரம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

சரி, 40,000-ல் என்ன வரும்? முதல் தடவை கட்டுகிறவர்கள் எல்லாருமே ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கிராபிக்ஸ் கார்டு. பட்ஜெட்டில் பாதியை அதுவே தின்றுவிடும். பையனுக்கும் ஒரு ஆசை வந்தது. பழைய ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்று மலிவாக விலைக்கு வந்தது. 2017-ல் வந்த கார்டு, 8 ஜிபி மெமரி. ஆனால் அந்த ரகக் கார்டுகளில் ஏராளமானவை எதீரியம் என்ற டிஜிட்டல் காசைத் 'தோண்ட' இரவும் பகலும் ஓடியவை. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையையே மாற்றி அந்தத் தோண்டும் வேலைக்கு முழுக்குப் போட, கார்டுகள் எல்லாம் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து குவிந்தன. எது நல்லது, எது செத்துக்கொண்டிருப்பது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த ஊருக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சுந்தரர் இங்கே சிவனிடம் வாங்கிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தாராம். 'ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடுற மாதிரி' என்ற பேச்சு அதிலிருந்துதான். எடுத்த பொன் சரியான மாற்றுத்தானா என்று உரசிப் பார்த்துச் சொல்ல அவருக்குத் திருவாரூரில் ஒரு பிள்ளையார் இருந்தார், மாற்றுரைத்த பிள்ளையார். பழைய கார்டு வாங்குகிறவனுக்கு அப்படி ஒரு பிள்ளையார் கிடைப்பதில்லை. பையன் கார்டு ஆசையை விட்டான்.

அதற்குப் பதில் அவன் பிடித்த வழி, பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சிப். ரைசன் 5 5600ஜி. 2021-ல் வந்தது. ஆறு கோர், கூடவே கூலரும் பெட்டியிலேயே வந்துவிடும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ஆட்டங்களுக்கு அதுவே போதும். பின்னால் காசு சேர்ந்தால் கார்டை செருகிக்கொள்ளலாம், போர்டில் அதற்கு இடம் காலியாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இந்த மாதிரி சிப்புக்குத் தனி கிராபிக்ஸ் மெமரி கிடையாது, சாதாரண ரேமையே கடன் வாங்கி ஓட்டும். அதனால் 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்க வேண்டும். ஜங்ஷனில் ஒரே கவுன்டரில் டிக்கெட் கொடுப்பதற்கும் இரண்டு கவுன்டர் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஜனம் ஒன்றுதான், ஆனால் வேகம்? பையன் இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தான், நல்லவேளை.

ஒரு சனிக்கிழமை காலை பல்லவன் பிடித்து எழும்பூர், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட். மவுன்ட் ரோட்டை ஒட்டிய சந்துகள். போர்டு மாட்டிய கடை, மாட்டாத கடை, படிக்கட்டுக்கு அடியில் கடை. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய எலக்ட்ரானிக்ஸ் சந்தை என்று அதைச் சொல்வார்கள். இன்டர்நெட் விலையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தான். நாலு கடை ஏறி இறங்கியதில் பேரம் பேசவும் ஓரளவு வந்துவிட்டது.

பிராசஸர் ஏறக்குறைய 12,000. மதர்போர்டு ஐந்தரை. ரேம் மூவாயிரத்துச் சொச்சம். 500 ஜிபி எஸ்எஸ்டி 3,000. மானிட்டர் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கேபினட், கீபோர்டு, மவுஸ் சேர்த்து மூவாயிரத்து ஐநூறு. ஒரு கடையில் கேபினட்டோடு எஸ்எம்பிஎஸ் இலவசம் என்றார்கள். பையன் கெட்டியாக மறுத்துவிட்டு, 80 பிளஸ் முத்திரை போட்ட எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினான். மொத்தப் பொட்டிக்கும் சோறு போடுவது அதுதான். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது வேறு, உள்ளே அவ்வளவு இருப்பது வேறு. மட்டமான எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாவதில்லை, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னும் இரண்டு காரியம் சரியாகச் செய்தான். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கினான். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்கிற ஆயிரம் ரூபாய், வாரன்டி கேட்டுப் போய் நிற்கும்போது தெரியும். அடுத்தது, பழைய ஸ்டாக் போர்டு புது பிராசஸரை அடையாளம் தெரியாமல் முழிக்கும் என்று படித்திருந்ததால், கடையிலேயே பயாஸ் புதுப்பித்துத் தரச் சொன்னான். இரவு ரயிலில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது கையில் 300 ரூபாய் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பாய் விரித்து வேலை ஆரம்பம்.

பிராசஸரை வைப்பது பூ வைப்பது மாதிரி. இந்த ரகத்தில் ஊசிக்கால்கள் சிப்பிலேயே இருக்கும், ஆயிரத்துக்கு மேல். மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பொருத்தி விட்டால் தானாக இறங்கும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் 12,000 ரூபாய் வளைந்துவிடும். அது ஆயிற்று. கூலரை மாட்ட போர்டில் உள்ள பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்ற வேண்டும், கழற்றினால் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு தொப்பென்று விழும். விழுந்தது. உடைத்துவிட்டோம் என்று பையனுக்கு வியர்த்தது. அது அப்படித்தான் விழும், திரும்பக் கையால் பிடித்துக்கொண்டு நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மதியம் மூன்று மணிக்கு எல்லாம் மாட்டி முடிந்தது. அம்மா சாமி படத்துக்கு முன் சூடம் கூட ஏற்றிவிட்டாள். சுவிட்சைப் போட்டான்.

ஃபேன் சுற்றியது. லைட் எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பு.

ரேமைக் கழற்றி மாட்டினான். கறுப்பு. ஒரு குச்சி மட்டும் போட்டான். கறுப்பு. மானிட்டர் கேபிளை மாற்ற வீட்டில் வேறு கேபிள் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது பையன் எழுந்திருக்கவில்லை. குழுக்கடன் தவணை அடுத்த வாரம் ஆரம்பம். பிராசஸர் போச்சா, போர்டு போச்சா என்று தெரியாது. கண்டுபிடிக்க மறுபடியும் சென்னை போக வேண்டும், 300 ரூபாயில். அப்பா வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, பாயோரமாக வந்து உட்கார்ந்தார். பையன் திட்டுக்குத் தயாராக இருந்தான்.

"எத்தன மணியா நோண்டுற?"

"மதியத்துலேர்ந்து."

"கைய எடு. சூளை சூடு ஆறாம கதவத் தெறந்தா உள்ள இருக்கறது பூரா விரிஞ்சிடும். நீ இப்ப சூடா இருக்க. காலையில பாத்துக்கலாம்."

பையன் அழுதுவிடுவான் போலிருந்தது. அப்பா எழுந்து போகவில்லை. டார்ச் லைட்டை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தார். சூளையில் அடுக்கி முடித்து, தீ போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டாகப் பார்ப்பவர். அதே மாதிரி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை நிதானமாகப் பார்த்தார்.

"இந்த ஓட்டை மட்டும் ஏன் சும்மா இருக்கு?"

போர்டின் மேல் மூலையில், கூலருக்கும் கேபினட்டுக்கும் நடுவில், இருட்டில் ஒளிந்துகொண்டு எட்டு துளை. பிராசஸருக்கென்று தனியாகக் கரன்ட் போகிற இடம். போர்டுக்குப் போகும் 24 பின் பெரிய வயரை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டான். பெரிய வயரை மட்டும் மாட்டினால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், ஆனால் மூளைக்குச் சோறு போகாது! அந்த வயர் கேபினட்டுக்குப் பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. இழுத்துச் செருகினான். டக் என்று சத்தம். சுவிட்ச். இரண்டு நொடி. திரையில் போர்டு கம்பெனியின் படம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை அணைக்காமல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன, கடுகு கடுகா?"

"கெப்பாசிட்டர்ப்பா. அதுவும் பீங்கான்தான்."

"போடா."

"நெஜமாப்பா."

நிஜம்தான். மதர்போர்டில் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில் ஒட்டியிருப்பவை செராமிக் கெப்பாசிட்டர்கள். பலவும் 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். பேரியம் டைட்டனேட் என்ற தூளைக் குழம்பாகக் கரைத்து, காகிதத்தை விட மெல்லிய தாளாக இழுத்து, அதன் மேல் நிக்கல் பூசி, நூற்றுக்கணக்கான அடுக்காக அடுக்கி, வெட்டி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள். சிப்புக்குக் கரன்ட் ஆடாமல் அசையாமல் போய்ச் சேர இவைதான் காவல்.

"சுட்டா சுருங்குமா?" என்றார் அப்பா. தொழில்காரர் கேள்வி.

"சுருங்கும்ப்பா. அதுக்கும் கணக்குப் பண்ணித்தான் வெட்டுவாங்க."

அதற்குத்தான் அவர் முதல் தடவையாகத் தலையாட்டினார்.

இந்தக் கெப்பாசிட்டர் உலகில் பெரிய பெயர் முராட்டா. 1944-ல் ஜப்பானின் கியோட்டோவில் அகிரா முராட்டா ஆரம்பித்தது. அவருடைய அப்பா நடத்தியது இன்சுலேட்டர் செய்யும் பீங்கான் பட்டறை. அதே ஊரில் 1959-ல் கசுவோ இனாமோரி ஆரம்பித்த கியோசெராவின் பெயரே 'கியோட்டோ செராமிக்' என்பதன் சுருக்கம்தான், சிப்புகளை வைக்கும் பீங்கான் கூடுகளால் வளர்ந்த கம்பெனி. 1971-ல் வந்த இன்டெலின் முதல் மைக்ரோபிராசஸர் 4004 கூட வெள்ளைப் பீங்கான் கூட்டில் உட்கார்ந்திருந்தது. 1993-ல் வந்த முதல் பென்டியமும் பீங்கானில்தான். பிறகுதான் செலவு குறைய பிளாஸ்டிக் வகைக்கு மாறினார்கள். கூலருக்கு அடியில் தடவும் வெள்ளைப் பசையில்கூட அலுமினா, துத்தநாக ஆக்சைடு மாதிரிப் பொடிகள்தான் பெரும்பாலும்.

ஒரு பீங்கான் ஊரிலிருந்து இன்சுலேட்டரும், அங்கிருந்து கெப்பாசிட்டரும் போயிருக்கின்றன. இன்னொரு பீங்கான் ஊரில் பொம்மையும் அகலும் நிற்கின்றன. மண் குறைச்சலா, பணம் குறைச்சலா, யாரும் கேட்காத குறைச்சலா? இங்கே அந்தப் படிப்பும் இருக்கிறது, சூளையும் இருக்கிறது, தீயின் நிறத்தைப் பார்த்தே வெப்பம் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். பையன் அன்றைக்கு ராத்திரி தூங்காமல் யோசித்தது ஆட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன விலையெல்லாம் 2024 விலை. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி தன் 'குரூஷியல்' ரேம் வியாபாரத்தையே விடப்போவதாக அறிவித்தது. அதனால் முதலில் ரேம் விலையைக் கேட்டுவிட்டு, பிறகு மற்றதற்குப் பட்ஜெட் போடுங்கள். சுவிட்ச் போடுவதற்கு முன்னால், டார்ச் அடித்து ஒவ்வொரு ஓட்டையாகப் பாருங்கள். பக்கத்தில் அப்பா இருந்தால் இன்னும் நல்லது :-)

குழுக்கடன் ஒழுங்காகக் கட்டி முடிந்தது. கார்டு இன்னும் வாங்கவில்லை. பையன் வேலரன்ட் ஆடுகிறான், சுமாராகத் தோற்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் பொட்டி அவனுக்குக் கிடைக்காது. அப்பா யூரோ டிரக் சிமுலேட்டரில் லாரி ஓட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஜெர்மனி பக்கம் எங்கேயோ லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டார்:

"ஏண்டா, இதுல பீங்கான் லோடு ஏத்த முடியுமா?"

பையன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.