ஒளிநாடாவும் ஓலைச்சுவடியும்

கறையான் அரித்த ஓலைச்சுவடிகளைப் பற்றி வகுப்பறையில் வருந்திப் பேசுகின்றோம். நம் வீட்டு அலமாரியில் மற்றொரு சுவடித்தொகுதி அழிந்துகொண்டிருப்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 1976ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். ஒளிநாடாக்களையே குறிப்பிடுகின்றேன். அவற்றை இயக்கும் வி.சி.ஆர். கருவியின் உற்பத்தியை ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. நாடாவின் காந்தப் பூச்சோ காலத்தாலும் தேய்கின்றது, ஓட்டுந்தோறும் தேய்கின்றது.

எம் துறையிலும் அத்தகைய நாடா ஒன்று இருந்தது. எனக்கு ஆசிரியராக விளங்கி மறைந்த பெருந்தகை ஒருவர், பணி ஓய்வு பெற்ற நாளில் குறுந்தொகை பற்றி ஆற்றிய உரை அது. அவர்தம் குரலும் கையசைவும் வேறெங்கும் பதிவாகவில்லை. அதனைக் கணிப்பொறியில் ஏற்றிவிட எண்ணி, மாணவர் இருவரோடு ஆய்வகத்தில் அமர்ந்தேன். நாடா ஓடிற்று, ஒலி கேட்டது, திரையோ இருண்டு கிடந்தது.

"ஐயா, நாடா கெட்டுவிட்டது போலிருக்கிறதே!" என்றான் ஒருவன்.

சுவடிப் பதிப்பைப் பயின்றவர்க்கு இங்கே ஒரு வழி புலப்படும். பாடம் பொருந்தாதவிடத்து, ஓலையின் சிதைவா, ஏடெழுதியவர் பிழையா, படிப்பவர் மயக்கமா எனத் தனித்தனியே ஆராய்வது பதிப்பாசிரியர் மரபு. வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில், நோயின் காரணத்தை அறிந்த பின்னரே தணிக்கும் வழியைத் தேடச் சொல்கின்றார். யாமும் அவ்வழியே சென்றோம்.

முதற்கண், வி.சி.ஆர். கருவியைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றோடு இணைத்தோம். படம் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே, நாடா நலமே. அடுத்து, பதிவு மென்பொருளின் உள்ளீட்டுப் பட்டியலை நோக்கினோம். படம் மஞ்சள் நிறச் செருகி வழியே வந்துகொண்டிருக்க, மென்பொருளோ எஸ்-வீடியோ வழியைப் பார்த்துக் காத்திருந்தது. 'காம்போசிட்' என மாற்றியதும் படம் தோன்றிற்று.

ஆயினும் அது வண்ணமிழந்து, மேலும் கீழும் உருண்டது. மென்பொருள், அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறையில் நின்றதே காரணம். அம்முறையில் படத்திற்கு 525 வரிகள். நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய 'பால்' முறையிலோ 625 வரிகள், 25 படங்கள். முறையைத் திருத்தினோம்; நிறம் மீண்டது; படமும் நிலைகொண்டது.

பின்னர், ஆசிரியர் கையை அசைக்குந்தோறும் விரல் விளிம்புகள் சீப்பின் பற்களெனப் பிளவுபட்டன. ஒவ்வொரு படமும், ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாய், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டதாகும். கணிப்பொறித் திரை அவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவதால் விளைவது இத்தோற்றம். பார்க்கும் மென்பொருளிலேயே இதனைச் சீர்செய்யலாம். மூலப்பதிவில் கைவைத்தல் ஆகாது. படத்தின் அடியில் நெளிந்த கீற்றும் பழுதன்று. பழைய தொலைக்காட்சிகள் தம் சட்டத்திற்குள் மறைத்துவந்த ஓரமே அது.

இறுதியாக, படம் விட்டுவிட்டு அசைந்தது. 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படத்தைச் சுருக்காமல் பதிந்தால் நொடிக்கு ஏறத்தாழ 20 மெகாபைட்டு சேரும். அதனைப் பதிந்துகொண்டே காட்டவும் வேண்டுமெனில், எளிய கணிப்பொறி திணறாதோ? பல இணைப்புகளைத் தாங்கிய யு.எஸ்.பி. கிளைப்பெட்டியை விடுத்து, கணிப்பொறியிலேயே நேராகச் செருகினோம், முன்காட்சியையும் அணைத்துவிட்டோம். பதிவு முடிந்தபின், விடுபட்ட படங்களின் எண்ணிக்கை சுழியம் என்றது மென்பொருள். பதிவான கோப்பை இயக்கினோம். ஆசிரியர் தடையின்றிப் பேசினார். அவரை நேரில் கண்டிராத அம்மாணவர் இருவரும் உரை முடியும்வரை இருக்கையை விட்டு எழவில்லை.

திரையில் தெரிவது வேறு; வட்டில் பதிவாவது வேறு. இருண்ட திரையை மட்டும் நம்பியிருந்தால் அந்நாடா அன்றே குப்பைக்குச் சென்றிருக்கும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களில் பாட்டனார் பேசிய மேடையும், பாட்டியார் சிரித்த மணநாளும் நாடாவில் உறங்குகின்றன. எழுப்புங்கள். திரை இருண்டால் அஞ்சவேண்டா. பழுது எங்கே என்று ஒவ்வோர் இணைப்பாக நாடுங்கள். ஏடு தேடி அலைந்த பெரியோர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.